அழுது மூச்சடங்கும் குழந்தையும் அஞ்சும் பெரியவர்களும்

ஒன்றரை வயதுக் குழந்தை, கேட்ட பொருள் கிடைக்கவில்லை என்று வீறிட்டு அழத் தொடங்குகிறது. இரண்டு மூன்று முறை உரக்க அழுகிறது. அடுத்த அழுகைக்காகத் திறந்த வாய் திறந்தபடியே நிற்கிறது, ஒலி வரவில்லை. உள்ளே போகவேண்டிய மூச்சும் போகவில்லை. உதடு நீலம் பாரிக்கிறது. கண்கள் மேலே செருகுகின்றன. உடல் விறைக்கிறது, அல்லது துவண்டு விழுகிறது. சில நொடிகளில் ஒரு பெருமூச்சு. குழந்தை விழித்துக்கொண்டு மெல்லச் சிணுங்குகிறது. பார்த்திருந்த பாட்டிக்கோ தன் உயிரே போய்த் திரும்பியது போலிருக்கிறது. அந்த அரை நிமிடத்தை ஒருமுறை கண்டவர், பிறகு அக்குழந்தையிடம் ‘இல்லை’ என்று சொல்லத் துணிவதில்லை. குழந்தைக்கு வரும் மூச்சடைப்பு சில நொடிகளில் நீங்கிவிடுகிறது. பெரியவர்களைப் பிடித்துக்கொள்ளும் அச்சம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

இக்காலத்தில் இந்த அச்சம் தாத்தா பாட்டியருக்கே மிகுதி. பெற்றோர் இருவரும் காலை எட்டு மணிக்கே பணிக்குப் புறப்பட்டுவிட, பகல் முழுவதும் குழந்தை பெரியவர்களின் பொறுப்பில் இருக்கிறது. தாம் பெற்ற பிள்ளைகளை வளர்த்தபோது இல்லாத பதற்றம், பிள்ளைகள் பெற்ற பிள்ளையை வளர்க்கும்போது வந்து சேர்கிறது. பிறர் நகையை வாங்கித் தம் வீட்டுப் பெட்டியில் வைத்திருப்பவருக்கு இரவில் உறக்கம் வருமா?

கும்பகோணத்தில் ஒரு குடும்பம். பெயரனுக்கு முடியிறக்கிக் காது குத்துவதற்காகச் சுற்றத்தாரோடு வைத்தீஸ்வரன்கோயிலுக்குச் சென்றிருந்தனர். இறைவன் வைத்தியநாதனாகவும் அம்பிகை தையல்நாயகியாகவும் எழுந்தருளி அடியவரின் பிணி தீர்க்கும் தலம் அது. முடியிறக்கும்போதே அழுது களைத்திருந்த குழந்தையைத் தாய்மாமன் மடியில் இருத்தி, ஆசாரி வலக் காதில் ஊசியை ஏற்றினார். குழந்தை அழவில்லை. விக்கல் போல் ஓர் ஒலி எழுந்தது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. கழுத்து தொய்ந்து மாமன் கையிலேயே துவண்டது.

உடனே கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒருவர் சாவிக்கொத்தைக் குழந்தையின் கையில் திணித்தார். ஒருவர் பாட்டில் நீரை வாயில் புகட்ட முயன்றார். இன்னொருவர் குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டு முதுகில் தட்டினார். “காத்து பட்டிருக்கு” என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. அத்தனை பேரிலும் குழந்தையைத் தரையில் படுக்கவைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு நிமிடம் ஆவதற்குள் குழந்தை தானே கண் விழித்தது. இடக் காது குத்தாமலே எல்லோரும் ஊர் திரும்பினர்.

அன்று முதல் அவ்வீட்டில் சட்டம் மாறியது. தாத்தாவின் கைப்பேசி, டிவி ரிமோட், பூஜை மணி, பீரோச் சாவி என எதைக் கேட்டாலும் அழுகை தொடங்குமுன் கைக்கு வந்தது. எதுவும் பலிக்காத வேளையில் பாட்டி பால் புட்டியை வாயில் வைத்துவிடுவார். மருமகள் ஒன்றை மறுத்தால், மாமியார் அதைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து கொடுப்பார். “கேட்டதையெல்லாம் குடுத்துட்டே இருந்தா எப்படி அத்தை?” என்று மருமகள் கேட்க, “என் கண்ணெதிர ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்கும்மா பதில் சொல்லுவேன்?” என்று பாட்டி கண் கலங்குவார். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் வழக்கு முடியவில்லை. நாள்தோறும் கும்பேசுவரர் சந்நிதியில் மாலைத் தீபாராதனை காணும் வழக்கமுள்ள பாட்டி, குழந்தையை விட்டுப் போகவும் அஞ்சி, அழைத்துப் போகவும் அஞ்சி, ஐந்து மாதங்கள் வாசற்படி தாண்டவில்லை. மருமகள் அடுத்த தெருவிலுள்ள குழந்தைகள் காப்பகத்தில் விசாரித்து வந்த செய்தி காதில் விழுந்த அன்று பாட்டி உணவருந்தவில்லை. அவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், தம்மீது வைத்திருந்த நம்பிக்கை போயிற்று என்றே கொண்டார்.

இதில் விந்தை என்னவெனில், கேட்டதெல்லாம் கிடைத்தும் குழந்தையின் மூச்சடைப்பு குறையவில்லை. மாதம் ஒருமுறை வந்தது, வாரம் இருமுறை ஆயிற்று. கதவில் இடித்துக்கொண்டாலும் வந்தது, குளிப்பாட்டும்போதும் வந்தது, புட்டியில் பால் தீர்ந்தாலும் வந்தது. குழந்தைக்கு மறுப்பே இல்லாத உலகை எந்தப் பாட்டியாலும் படைத்துத் தர இயலாதன்றோ?

இறுதியில் குழந்தை மருத்துவர் ஒருவர் வீட்டார் நால்வரையும் ஒன்றாக வரச்சொல்லி அமர்த்திப் பேசினார். இந்நோய்க்கு முதல் மருந்து அதுவே எனலாம். ஒருவரிடம் சொன்னதை அவர் மற்றவரிடம் சொல்லும்போது பாதி அறிவுரையும் பாதிக் குற்றச்சாட்டுமாகவே போய்ச் சேர்கிறது.

மருத்துவர்கள் இதனை ‘பிரெத் ஹோல்டிங் ஸ்பெல்’ என்கின்றனர். குழந்தை வேண்டுமென்றே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது என்று எண்ணவைக்கும் பெயர். உண்மையில் குழந்தை எதையும் பிடிப்பதில்லை. அழும்போது மூச்சு முழுவதும் வெளியேறிவிடுகிறது. அடுத்த மூச்சு உள்ளே வருவதற்குள் தன்னையறியாமல் ஒரு தடை நேர்கிறது. கோபத்திலும் ஏமாற்றத்திலும் வருவது பெரும்பாலும் நீலம் பாரிக்கும் வகை. எதிர்பாராத வலியிலும் திடுக்கிடலிலும் வருவது வெளுத்துப்போகும் வகை. அதில் இதயத் துடிப்பே சில நொடிகள் வேகம் குறைகிறது. காது குத்தியபோது நேர்ந்தது இரண்டாம் வகை; வீட்டில் வந்தவை பெரும்பாலும் முதல் வகை. ஒரே குழந்தைக்கு இரண்டும் வருவதுண்டு. நினைவு தப்பியதும் மூளையின் அடித்தண்டு மூச்சின் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்கிறது, மூச்சு திரும்புகிறது. இதனால் மூளை கெடுவதில்லை. அறிவு வளர்ச்சி குன்றுவதில்லை. கைகால் இரண்டொரு முறை வெட்டி இழுத்தாலும் இது வலிப்பு நோய் அன்று.

ஆரோக்கியமான குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேர் வரை இவ்வாறு மூச்சடங்குவதுண்டு. 6 மாதத்திற்குப் பின் தொடங்கி, ஒன்று முதல் மூன்று வயதுக்குள் மிகுந்து, 6 வயதுக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் நின்றுவிடும். சில குடும்பங்களில் வழிவழியாக வருவதும் உண்டு. மருத்துவர் இதைச் சொன்னபோது தாத்தா, தம் தங்கைக்குச் சிறுவயதில் இப்படி வந்ததையும், வேப்பிலை அடித்ததையும் நினைவுகூர்ந்தார். அந்தத் தங்கைக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. பாத யாத்திரையாகவே சமயபுரம் போய் வருகிறவர்.

அந்த ஒரு நிமிடத்தில் செய்யவேண்டியது மிகக் குறைவு. செய்யக் கூடாததுதான் மிகுதி. குழந்தையை உடனே சமதரையில் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். படுத்த நிலையில் தலைக்கு இரத்தம் எளிதில் செல்லும். தூக்கி நிமிர்த்திப் பிடித்தால் அது தடைப்படும். அருகில் கூர்மையான பொருளோ, விளக்கோ, படிக்கட்டோ இருந்தால் விலக்க வேண்டும். வாயில் உணவு இருந்து அது கண்ணுக்குத் தெரிந்தால் எடுத்துவிடலாம். மற்றபடி வாய்க்குள் விரலோ, கரண்டியோ, நீரோ செல்லக் கூடாது. நினைவில்லாத குழந்தைக்குப் புகட்டும் நீர் மூச்சுக்குழலுக்குள் இறங்கும். மூச்சடைப்பு செய்யாத தீங்கை அது செய்துவிடும். உலுக்குதல், கன்னத்தில் அறைதல் கூடவே கூடாது. சாவிக்கொத்தால் தீமையில்லை என்றாலும் பயனுமில்லை. அதைத் தேடி ஓடும் நேரத்தில் குழந்தையின் அருகில் ஆளிருப்பதில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. அச்சத்தில் இருபது நொடி இரண்டு நிமிடமாகத் தோன்றும். உண்மையாகவே ஒரு நிமிடத்திற்கு மேலும் மூச்சு திரும்பவில்லையெனில் 108-ஐ அழைத்து, தெரிந்தவர் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கத் தொடங்க வேண்டும். அம்முறையைக் குழந்தை மருத்துவரிடமே ஒருமுறை கேட்டுப் பழகிக்கொண்டால், வீட்டிலிருப்பவர் மனத்திற்கும் ஒரு தெம்பு.

முதல் முறை வந்தவுடன் மருத்துவரிடம் காட்டிவிடுவது இன்றியமையாதது. இது இன்னதுதான் என்று வீட்டில் இருந்தபடியே முடிவு செய்ய இயலாது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு வந்தாலும், அழுகையோ வலியோ இன்றித் தானாக வந்தாலும், ஓடி விளையாடும்போது வந்தாலும், விழித்தபின் நெடுநேரம் மயங்கிக் கிடந்தாலும், குடும்பத்தில் இளவயதில் திடீரென மாண்டவர் இருந்தாலும் சிறிதும் தாமதிக்கலாகாது. வெளுத்துப்போகும் வகையெனில் இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பர்; அதைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

அக்குழந்தைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது ஓர் எளிய இரத்தப் பரிசோதனை. 11 கிராமுக்குக் குறையாமல் இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் 8.4 இருந்தது. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தைகளிடம் இம்மூச்சடைப்பு மிகுதியாகக் காணப்படுவதும், குறையை நிரப்பினால் பலருக்கு அது குறைவதும், சிலருக்கு முற்றிலும் நிற்பதும் மருத்துவ உலகம் நன்கறிந்தவை. 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட நம் நாட்டுக் குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேர் இரத்தசோகையுடையவர்கள். ஆகவே இது ஏழை வீட்டுக் குறை மட்டுமன்று; நெய்யும் பாலும் நிறைந்த வீட்டிலும் உண்டு.

பால் நிறைந்த வீட்டில்தான் உண்டு என்றுகூடச் சில வேளைகளில் சொல்லலாம். மருத்துவர் ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறான் என்று கேட்டார். தாத்தா பால் அட்டைக் கணக்கைச் சொன்னார். அழுகையை அடக்க வைத்த புட்டிகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர்! பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. இருக்கும் சத்து உடலில் சேர்வதையும் பால் தடுக்கும். வயிறு நிறையப் பால் குடித்த குழந்தை சோறு உண்ணாது. மூச்சடங்கிவிடுமோ என்ற அச்சத்தில் கொடுத்த பாலே இரத்தத்தைக் குறைத்து, மூச்சடைப்பை மேலும் வரவழைத்திருக்கிறது. இதைக் கேட்டதும் பாட்டி தலை குனிந்தார். மருமகள்தான் அவர் கையைப் பற்றி, “எனக்கும் தெரியாதே அத்தை” என்றாள். காப்பகப் பேச்சு அத்துடன் நின்றது.

பால் நாளொன்றுக்கு அரை லிட்டருக்குள் நின்றது. கேழ்வரகுக் கூழும், முருங்கைக்கீரை மசித்த பருப்புச் சோறும், ஊறவைத்த பேரீச்சையும் வந்தன. கூடவே சிறிது ஆரஞ்சுச் சாறோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் சத்து நன்றாக உடலில் ஒட்டும். எனினும் குறைந்துபோன இரும்பை உணவால் மட்டும் விரைவில் நிரப்ப முடியாது. மருத்துவர் அளந்து கொடுத்த சொட்டு மருந்து தேவைப்பட்டது. அதைப் பாலோடு கொடுக்கக் கூடாது. மலம் கறுத்துப் போவது இயல்பே. இங்கே ஓர் எச்சரிக்கை. பெரியவர்கள் தமக்காக வாங்கி வைத்திருக்கும் இரும்புச்சத்து மாத்திரைகளைக் குழந்தை எடுத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மேசை மேலும் தலையணை அடியிலும் மாத்திரை வைக்கும் பழக்கத்தை அன்றே விட்டுவிட வேண்டும். அயச்செந்தூரம் போன்றவற்றையும் தாமாகக் குழைத்துக் கொடுக்கலாகாது.

நேர்ச்சையும் வழிபாடும் இதற்கிடையில் எங்கே நிற்கின்றன என்ற கேள்வி எழும். குழந்தைக்குத் திருநீறு இடுவதை எந்த மருத்துவரும் தடுக்கமாட்டார். மூக்கிலும் வாயிலும் படாமல் நெற்றியில் மெல்லிய கீற்றாய் இட்டால் போதும். வைத்தியநாதனை வேண்டிக்கொள்வதும், வைத்தியர் சொன்னதைக் கேட்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஆனால் இன்னும் சில ஊர்களில் மூச்சடங்கும் குழந்தைக்குச் சூடு போடும் கொடுமை இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். எந்தத் தெய்வமும் கேட்காத காணிக்கை அது.

இனி அடத்திற்கு வருவோம். மூச்சடைப்பு குழந்தையின் வசத்தில் இல்லை. ஆனால் அதன்பின் பெரியவர்கள் செய்வது அவர்கள் வசத்தில் இருக்கிறது. மூச்சு திரும்பியதும் கேட்ட பொருளைக் கையில் கொடுத்துவிட்டால், சலுகையாகக் கொடுத்தது சில நாளில் உரிமையாகிவிடும். பிறகு திரும்பப் பெற முடியாது. ‘கொடுக்காவிட்டால் பாசமற்றவர்கள் ஆகிவிடமாட்டோமா?’ என்று பாட்டிமார் தயங்குவர். பழநித் தல வரலாற்றை நினைத்துப் பார்க்கலாம். மாம்பழம் அண்ணனுக்குப் போயிற்று. தம்பி சினங்கொண்டு கோவணத்தோடு குன்றேறி நின்றான். அம்மையும் அப்பனும் என்ன செய்தனர்? பிள்ளையாரிடமிருந்து பழத்தைத் திரும்ப வாங்கி வந்தார்களா? இன்னொரு பழம் வரவழைத்தார்களா? உலகையே படைத்தளிப்பவர்களுக்கு ஒரு மாம்பழம் அரிதன்று. ஆயினும் பழம் பழத்தின் இடத்திலேயே இருந்தது. பெற்றோர்தாம் பிள்ளை இருந்த இடம் தேடி வந்தனர். ‘பழம் நீ’ என்று சொல்லி அணைத்தனர். கோபம் அங்கேயே தணிந்துவிட்டதாகவும் கதையில்லை. முருகன் இன்றும் அக்குன்றில்தான் நிற்கிறான்.

அழும் குழந்தையின் அருகில் தரையில் அமர்வது, முதுகைத் தடவுவது, ‘உனக்குக் கோபம் வந்துவிட்டது, இல்லையா?’ என்று அதன் மனத்தில் உள்ளதைச் சொல்லாக்கிக் கொடுப்பது, இவையெல்லாம் கொடுக்கலாம், எவ்வளவும் கொடுக்கலாம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஆசை மலையளவு, சொற்களோ விரல்விட்டு எண்ணும் அளவு. சொல்ல முடியாததை அது காலை உதைத்துச் சொல்கிறது. மறுத்த பொருள் மட்டும் மறுத்ததாகவே இருக்கட்டும். அதிலும் அம்மா மறுத்ததைப் பாட்டியும், பாட்டி மறுத்ததைத் தாத்தாவும் மறுக்க வேண்டும். ஆகவே மறுப்பவை ஐந்தாறுக்கு மிகாமல் இருப்பது நலம்: அடுப்பு, கத்தி, மாத்திரை, வீதி, கைப்பேசி. பூஜை மணியை அது அடித்துவிட்டுப் போகட்டுமே!

பசித்த குழந்தையையும் உறக்கம் சொக்கும் குழந்தையையும் பிரதோஷக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் இடுக்கிக்கொண்டு நின்றுவிட்டு, ‘அடம் பிடிக்கிறான்’ என்று அதன்மீது பழி சொல்வது நியாயமன்று. நந்தி அபிஷேகம் தொடங்குமுன் தரிசனம் முடித்துத் திரும்பினால் சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார். உறவினர் சிலருக்கு வேறொரு வழக்கம்: கையிலுள்ள பொம்மையைப் பறித்து, “அழு பாக்கலாம்” என்று சீண்டி வேடிக்கை பார்ப்பர், “உன்னை விட்டுட்டுப் போறோம்” என்று வாசல் வரை நடந்து காட்டுவர், பூச்சாண்டியை அழைப்பர். மூச்சடங்கும் குழந்தையிடம் இவ்விளையாட்டு கூடாது என்பதை வீட்டுப் பெரியவர் முகம் பாராமல் சொல்லிவிட வேண்டும். சம்பந்திவீட்டார் ஆனாலும் சரி.

கும்பகோணத்துப் பெயரனுக்கு மூன்று மாத மருந்துக்குப் பின் ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டியது. மூச்சடைப்பு அடியோடு நிற்கவில்லை. எப்போதாவது ஒன்று வருகிறது, படுக்கவைக்கிறார்கள், போய்விடுகிறது. இடக் காது இன்னும் குத்தப்படவில்லை. அதற்கு இப்போது அவசரமும் இல்லை. பாட்டி மீண்டும் மாலையில் கும்பேசுவரர் கோயிலுக்குப் போகிறார், பெரும்பாலும் பெயரனோடு. சென்ற வாரம் பிராகாரத்தில் பலூன்காரரைக் கண்டு இரண்டாவது பலூனுக்காகப் பையன் கற்றளத்தில் படுத்துப் புரண்டபோது, பார்த்தவர்கள் “ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்களேன் பாட்டி, பாவம்” என்றனர். பாட்டி வாங்கவில்லை. கையிலிருந்த அர்ச்சனைத் தட்டை ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்திலேயே கால் நீட்டி அமர்ந்துகொண்டார். அவன் எழுந்து வர ஏழெட்டு நிமிடம் ஆயிற்று.